ஊசி வாங்கின பேத்திக்கு ஆச்சி சொல்லுதது

ஏட்டி, ஸ்வெட்டர் பின்னப் போறியாமே? உங்கம்மா போன்ல சொன்னா. மூங்கில் ஊசி ஒரு சோடி, எஃகு ஊசி ஒரு சோடி, பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் குரோஷா ஊசி ஒரு பெட்டி, வானவில்லுல உள்ள நிறம் பூராவும் உல்லன் நூல், இதையெல்லாம் போட்டு வைக்க அறை அறையா ஒரு பை. எல்லாம் வாசல்ல வந்து இறங்கிட்டாம். சந்தோசம். மெட்ராசுல சனங்க ஸ்வெட்டர் இல்லாம என்ன பாடு படுதோன்னு எனக்கும் ரொம்ப நாளா ஒரு கவலை இருந்தது. மார்கழி பிறந்தா ஆம்பளையாளுக குரங்குக் குல்லாயை மாட்டிக்கிட்டு, இமயமலைக்குக் கிளம்பினவன் கணக்கா, தெருமுக்குக்குப் பால் பாக்கெட் வாங்கப் போவாவள்லா? அவியளுக்காவது ஆகும்.

ஆனா இன்னும் ஒரு கண்ணிகூடப் போடலையாம். கேட்டா நேரம் இல்லைங்கியாம். பகல்ல ஆபீசு, ராத்திரி அஞ்சல்வழிப் படிப்பு, ஞாயித்துக்கிழமை துணி துவைக்கணும், தலைக்குக் குளிக்கணும். நேரம் கிடைச்சதும் ஆரம்பிப்பியாம். தாயி, நேரம் கிடைச்சவன்னு எவளையாவது நீ பாத்திருக்கியா? நான் பாத்தது இல்ல. அப்படிக் கிடைச்சாலும் அவ தூங்கிருவா, பின்ன மாட்டா.

உனக்கு லேசான வழி ஒண்ணு சொல்லுதேன். பின்னவே பின்னாத. அடுத்தவ பின்னுத வீடியோவை மட்டும் பாரு. இப்பமும் அதைத்தான் பண்ணுதன்னு கேள்வி. அதுல நூல் செலவு இல்ல, பிரிச்சுப் போடுத வேலை இல்ல, மனசுக்கு நாமளே பின்னி முடிச்ச திருப்தி. தினம் ராத்திரி அரை மணி நேரம் அப்படிப் பாக்கதுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருதுன்னு நான் கேக்க மாட்டேன். ஆச்சிக்கு நாகரிகம் தெரியும்.

அது வேண்டாம், நெசமாவே பின்னணும்னா, உன் சோலிக்குத் தோதான வேலை எதுன்னு முதல்ல பாத்திருக்கணும். ரெண்டு ஊசிப் பின்னல் இருக்கே, அதுல கண்ணி பூராவும் ஊசியிலேயே தொத்திக்கிட்டு நிக்கும். நாப்பது கண்ணின்னா நாப்பதும் நிக்கும். மேனேஜர் கூப்பிட்டான்னு பாதி வரியில போட்டுட்டு எந்திரிச்சா, ஊசி உருவிக்கிட்டு விழும். ஒரு கண்ணி நழுவிச்சுன்னா அது கீழ்வரி, அதுக்குக் கீழ்வரின்னு இறங்கிக்கிட்டே போவும். விழலைன்னாலும் திரும்பி வந்து பாக்கையில எந்தப் பக்கமாப் போய்க்கிட்டு இருந்தோம்னு கோட்டி பிடிக்கும். அதனால வரி முடியாம வைக்கக் கூடாது. வரி முடியுத வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிற மேனேஜர் உனக்கு வாய்ச்சிருந்தா ஸ்வெட்டர் பின்னு.

குரோஷா அப்படி இல்ல. அதுல எப்பமும் ஒத்தைக் கண்ணிதான் ஊசியில இருக்கும். அதைக் கொஞ்சம் நீட்டி இழுத்து, ஒரு ஊக்கைக் குத்தி வச்சிட்டு நீ பாட்டுக்குப் பரீட்சை எழுதிட்டு வரலாம். அதான் அந்தக் காலத்துல பிள்ளைக்காரிக எல்லாம் குரோஷா போட்டாளுக. பிள்ளை அழும், பால் பொங்கும், மாமியா கூப்பிடுவா, ஒத்தைக் கண்ணி பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். என்ன, டிவிக்கு உறை, ரேடியோவுக்கு உறை, டெலிபோன் வந்ததும் அதுக்கும் சட்டைன்னு போட்டாளுக. வீட்டுப் பிள்ளைக மேல்சட்டை இல்லாம தெருவுல ஓடும், டெலிபோன் ஜோரா உடுத்திக்கிட்டு உக்காந்திருக்கும்.

என்னைக் கேட்டா வயர் கூடைதான் ராசாத்தி வேலை. மூஞ்சியச் சுளிக்காத. வயரை முழம் போட்டு அளந்து வெட்டி, நடுவுல மடிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணைக் கோத்து, நாலு முனையையும் நாலு பக்கம் இழுத்தா டக்குன்னு ஒரு சதுரம் உக்காரும். அதுக்குப் பேரு சாதா முடிச்சு. கை பழகினா நெல்லிக்காய் போடலாம், பிஸ்கட் போடலாம், சிவன் கண் போடலாம். உக்காந்த முடிச்சு உக்காந்ததுதான். நீ மூணு மாசம் கழிச்சு வந்து பாத்தாலும் விட்ட இடத்துல அப்படியே இருக்கும். அடி போடையிலதான் எண்ணிக்கை வேணும், மூலை திருப்பையில கவனம் வேணும். சுவரு எழும்பிட்டா ரன்னிங் வயரு சுத்திச் சுத்தி வரும், கண்ணு டிவியில இருக்கும், கை அதுபாட்டுக்கு முடிச்சைப் போடும். சுத்து முடிஞ்சதும் கீழ வச்சிரு. அம்புட்டுதான்.

2019 சனவரி ஒண்ணாந்தேதி தூக்கிப் போடுத பிளாஸ்டிக் பைக்கெல்லாம் சர்க்கார் தடை போட்டாவ. கட்டிலுக்கு அடியில கிடந்த என் கூடைக்கு அன்னைக்குத்தான் மறுபடி மரியாதை வந்தது. அப்புறம் 2021 கடைசியில மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு வாங்கன்னு அதுக்கு ஒரு திட்டமே போட்டாவ. வயரும் பிளாஸ்டிக்குதானே ஆச்சின்னு நீ மடக்குவ. ஆமா, பிளாஸ்டிக்குதான். ஆனா உங்கம்மா பள்ளிக்கூடம் போகையில பின்னின கூடையில நேத்து நான் சாளை மீன் வாங்கியாந்தேன்.

இந்தக் கூடையில இருந்து நீ படிக்க வேண்டிய பாடம் ஒண்ணு உண்டு, கேட்டியா? எந்தக் கைவேலையா இருந்தாலும் எண்ண வேண்டிய வேலைன்னு ஒரு பங்கு, எண்ண வேண்டாத வேலைன்னு ஒரு பங்கு இருக்கும். எண்ண வேண்டியதை லீவு நாள்ல, கதவைச் சாத்திக்கிட்டு முடிச்சு வச்சிரணும். எண்ண வேண்டாததை எங்க வேணும்னாலும் தூக்கிக்கிட்டுப் போகலாம். நீ என்னன்னா பாடப் புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டுப் பூ டிசைன் எண்ணலாம்னு நெனைக்க. பாடமும் ஏறாது, பூவும் கோணிக்கும்.

மின்சார ரயில்ல போறல்லா, லேடீஸ் பெட்டியில பூக்கட்டிக்கிட்டே வாரவளைப் பாத்திருப்ப. மடியில மல்லிகை, விரல்ல நாரு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு வச்சு ஒரு சுண்டு. அவ பூவைப் பாக்கதே இல்ல. பக்கத்துல இருக்கவட்ட மருமகளைப் பத்திப் பேசிக்கிட்டே தாம்பரத்துல இருந்து பீச்சு ஸ்டேசன் வரதுக்குள்ள பந்து உருட்டிருவா. அவட்டப் போயி, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா நேரம் கிடைக்குன்னு கேட்டுப் பாரு. ஒரு முழம் பூவைத் தருவா, பதிலு தர மாட்டா.

படிப்பும் கைவேலையும் ஒண்ணா நடக்குமான்னு ஒரு சந்தேகம் வேற உனக்கு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்தின வீட்டுல போய்க் கேளு. ராத்திரியே இலையை நனைச்சு, ஈரத்துணியில சுருட்டி வச்சிரணும். காலையில தகட்டை வச்சு அளவா வெட்டணும். மடியில சொளவு, சொளவுல வெட்டின இலையும் தூளும், பக்கத்துல விரிச்ச புஸ்தகம், பக்கம் பறக்காம இருக்க மேல கத்திரி. இலையில தூளைப் போட்டு உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுத்துத நேரத்துக்குள்ள ஒரு வரி படிக்கணும். அடுத்த பீடிக்கு அடுத்த வரி. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு பேச்சு. கடையில கொண்டு போய்ப் போட்டா, சரியில்லைன்னு கொஞ்சத்தைக் கழிச்சு வேற போடுவாவ. இருமல் வரும், கழுத்து பிடிச்சுக்கிடும். அப்படிச் சுத்தி பீசு கட்டித்தான் நம்ம சொந்தத்துலயே ஒருத்தி டீச்சரு ஆனா. அதை எவளும் பொழுதுபோக்குன்னு சொல்லலை, மனசு லேசாகுதுன்னும் சொல்லலை. மனசு லேசானதெல்லாம் அந்தச் சொளவை இறக்கி வச்ச அன்னைக்குத்தான்.

உனக்குக் கூலி கிடையாது, கழிவு கிடையாது, கடைக்காரன் கிடையாது. அப்புறம் என்னத்துக்குட்டி தினம் இத்தனை வரின்னு அட்டவணை போட்டுச் செவுத்துல ஒட்டியிருக்க? ஆபீசுல ஒருத்தன் உன்னை விரட்டுதது போதாதுன்னு வீட்டுல நீயே உன்னை விரட்டுதியோ?

கட்டாயம்னு வந்தா கைவேலை என்ன ஆகும்னு எங்க அய்யா ஒரு கதை சொல்லுவாவ. அவிய கதர்காரவ. 1924ல பெல்காம் காங்கிரசுல, மெம்பரா இருக்கணும்னா மாசம் 2,000 கெசம் நூலு கொடுக்கணும்னு வச்சாவ. காந்தி தலைமை தாங்கின காங்கிரசு அது ஒண்ணுதான். அதுலயே ஒரு சந்தும் வச்சாவ. நூக்க மனசில்லாதவங்க அடுத்தவங்க நூத்ததைக் கொடுக்கலாம். பொறவு என்ன, தேசபக்தி பூராவும் அந்தச் சந்து வழியாப் போச்சு. மறு வருசமே வருசத்துக்கு நாலணா கொடுத்தாப் போதும், நூலு இஷ்டம்னு மாத்திட்டாவ. காந்தி நூத்துக்கிட்டே பேசினாரு, மத்தவிய பேசிக்கிட்டே இருந்தாவ. பொறவு 1953ல நம்ம ராசாசி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பாதி நேரமாக் குறைச்சு, மிச்ச நேரம் அப்பன் பாக்குத தொழிலைப் போய்ப் பாக்கட்டும்னாரு. அப்பன் செருப்புத் தைக்கான்னா மகனும் தைக்கணும், அதுக்குப் படிப்புன்னு பேரு. ஊரே கொந்தளிச்சு 1954லயே அது போய்ச் சேந்தது. கைவேலை ஒசத்தின்னு எவனாவது மேடையில பேசினா, யாரு கை, யாரு வேலைன்னு கேக்காம நான் கை தட்டுதது இல்ல.

இன்னொண்ணு, இது பொட்டப்பிள்ளை வேலைன்னு உன் தம்பி சிரிக்கானாம்லா? அந்த இங்கிலாந்துக்காரப் பையன் படத்தை அவனுக்குக் காட்டு. டாம் டேலின்னு பேரு, உசரத்துல இருந்து தண்ணியில குதிக்கவன். 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கிட்டு, மத்தவிய குதிக்கதைப் பாக்க உக்காந்த இடத்துல ஊசியும் நூலுமா இருந்தானே, அவன்தான். மெடல்ல கீறல் விழக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு பை பின்னி வச்சிருந்தான். பத்து மீட்டர் உசரத்துல இருந்து குதிச்சா ரெண்டு நொடிக்குள்ள தண்ணியில இருப்பான். அந்த ரெண்டு நொடிக்குப் பொழுது பூராவும் காத்துக் கிடக்கணும். அந்தக் காத்துக் கிடக்குத நேரத்தைத்தான் அவன் நூலுல கோத்தான். உனக்கும் காத்துக் கிடக்கதுக்குப் பஞ்சமா? பஸ்சு, டாக்டர் வீட்டு வாசல், கம்ப்யூட்டர்ல ஏதோ சுத்திக்கிட்டே இருக்குமே அந்த வட்டம், கேமராவை அணைச்சிட்டு உக்காந்திருக்க மீட்டிங்கு. ஆனா உன் ஊசி எல்லாம் பீரோவுக்குள்ள, அறை அறையா உள்ள பையில, பத்திரமா இருக்கு. கைக்கு எட்டாத சாமான் கைவேலைக்கு ஆகாது தாயி. ஒத்தை ஊசி, ஒத்தை நூல்கண்டு, தினம் தோள்ல மாட்டுத பையில கிடக்கணும்.

கொஞ்சம் கை வந்ததும் உன் கூட்டாளிக, நல்லாருக்கே, வித்தா என்னன்னு கிளப்பி விடுவாளுக. தாராளமா வில்லு. அன்னையில இருந்து உனக்கு ரெண்டு ஆபீசு. பத்தமடையில தாமிரபரணிக் கோரையைக் கிழிச்சு, ஊற வச்சு, பட்டு மாதிரி மடிக்குத பாய் நெய்யுதாவள்லா, நயமான பாய் ஒண்ணுக்கு வாரக்கணக்குல தரையில குனிஞ்சு உக்காரணும். 2013ல புவிசார் குறியீடெல்லாம் கொடுத்தாவ. அந்தப் பாயைப் புரட்டிப் பாத்துட்டும், இதுக்கு இவ்வளவு வெலையான்னு கேக்க ஆளு இருக்கு. உன் குல்லாய்க்கு என்ன கேப்பாவன்னு யோசிச்சுக்கோ. சொந்தக்காரவ வெலையே கேக்க மாட்டாவ. நாலு நிறத்துல எடுத்துக்கிட்டு, உனக்குப் பொழுது போன மாதிரி ஆச்சுல்லான்னு சொல்லிட்டுப் போவாவ.

கையையும் பாத்துக்கோ. பகல் பூரா கம்ப்யூட்டர் தட்டுத மணிக்கட்டுதான் ராத்திரி குரோஷாவும் போடும். வலிச்சா நிறுத்திரு. கறுப்பு நூலை ராத்திரியில தொடாத. கண்ணியும் தெரியாது, கண்ணும் போவும்.

பரீட்சைக்கு முந்தின நாள்தான் உனக்குப் பின்னல் மேல ஆசை பொங்கும். அதுக்குப் பேரு கலை ஆர்வம் இல்ல, பாடம் படிக்கலைன்னு அர்த்தம். அன்னைக்கு ஊசியைப் பக்கத்து வீட்டுல கொடுத்து வை. மத்த நாள்ல ஆச்சி தடை சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். வாங்கி வச்ச நூலு தீருத வரைக்கும் கடைப்பக்கம் போயிராத. பரீட்சை முடிஞ்சு ஊருக்கு வரையில, கோணலா இருந்தாலும் சரி, பாதியா இருந்தாலும் சரி, உன் கையால போட்டதைக் கொண்டா. அட்டவணையைக் கொண்டாந்தா அடுப்புலதான் வைப்பேன்.