டிக்கெட் இலக்கணம்

அஜைல் முறையில் மென்பொருள் செய்வோர் தம் வேலையை டிக்கெட்டாகக் குறித்துவைக்கும் கருவிகள் எத்தனை வகைப்படும், அவற்றின் இயல்பு யாது, அவற்றால் வரும் கேடு யாது என்பன உணர்த்துதல் இந்நூல் நுதலிற்று. கேட்போர், புதிதாக ஸ்கிரம் மாஸ்டர் ஆனவர். பயன், அப்ரைசல்.

நூல் வந்த வழி கூறுதும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்னும் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் கொள்கையறிக்கையை எழுதினர். அதன் நான்கு கொள்கைகளுள் முதலாவதே, நடைமுறையையும் கருவியையும் விட ஆட்களும் அவர்களுக்குள் நடக்கும் பேச்சும் பெரிது என்பது. மறு ஆண்டே சிட்னியில் அட்லாசியன் நிறுவனம் ஜிரா என்னும் கருவியை வெளியிட்டது. கருவி பெரிதல்ல என்று தொடங்கிய நெறிக்கு, எந்தக் கருவியை வாங்குவது என்று சொல்லியே பிழைக்கும் ஆலோசகர்கள் இன்று உளர். ஆதலின் இலக்கணம் வேண்டப்பட்டது.

விலை பற்றிக் கருவிகளைப் பிரிப்பாரும் உளர். அது பொருந்தாது. இலவசம் என்று உள்ளே வந்த கருவி ஆள் கூடியதும் காசு கேட்கும் ஆதலின், ஒன்றே இரு வகையிலும் சேரும். சொந்த சர்வரில் இருப்பது, கிளவுடில் இருப்பது என இடம் பற்றிப் பிரிப்பர் வேறு சிலர். 2024 பிப்ரவரி 15ஆம் நாளோடு அட்லாசியன் தன் சர்வர் பதிப்புகளைக் கைவிட்டபின் அப்பகுப்பு பாதி உயிரோடு கிடக்கிறது. ஸ்கிரம் கருவி, கான்பான் கருவி என்று நெறி பற்றிப் பிரிப்பதும் ஆகாது. இரண்டுக்கும் பொத்தான் வைக்காமல் இன்று யார் கருவி விற்கிறார்கள்?

ஆகவே பிறப்பு பற்றியே பிரித்தல் வேண்டும். எவ்வேலைக்காகப் பிறந்ததோ அவ்வேலையின் குணம், பின்னால் எத்தனை வசதி சேர்த்தாலும் கருவியை விட்டுப் போகாது. அவ்வாறு பிரிக்க, அட்டைக்குடி, பூச்சிக்குடி, கட்டக்குடி என மூன்றாம்.

முதற்கண் அட்டைக்குடி. 1990களில் கிறைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைச் செய்தபோது கென்ட் பெக்கும் கூட்டாளிகளும் உருவாக்கிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில், வேலை ஒவ்வொன்றும் கையகல அட்டையில் ஒரு ‘ஸ்டோரி’யாக எழுதப்பட்டது. அட்டை ஏன் சிறிதாக இருக்க வேண்டும்? முழுதும் எழுத இடம் இராது. எழுதாததை எழுந்துபோய்க் கேட்டாக வேண்டும். இக்குடியின் பெருமை அனைத்தும் அந்த இடப்பற்றாக்குறையே.

குத்துவன, ஒட்டுவன, காந்தத்தால் நிற்பன என அட்டை மூவகைப்படும். ஒட்டுவன, 3எம் நிறுவனம் 1980இல் அமெரிக்கா முழுதும் விற்கத் தொடங்கிய போஸ்ட்-இட் தாளின் வழி வந்தவை. மின்விசிறி இவற்றுக்குப் பகை.

சுவரில் இருந்த பலகையைத் திரைக்குக் கொண்டுவந்தவற்றுள் புகழ்பெற்றது ட்ரெல்லோ. 2011இல் ஃபாக் கிரீக் நிறுவனத்தில் பிறந்தது. 2017இல் அதை அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு வாங்கிற்று. சுவர் என்ன குறை செய்தது எனின், சுவர் நகராது. கிளையண்ட் ஓஹாயோவிலும் டெவலப்பர் சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையிலும் இருக்கும்போது எந்தச் சுவரில் ஒட்டுவது? ஆஃப்ஷோர் வேலையில் வளர்ந்த நம் ஊர் பெரும்பாலும் அட்டையைத் தொடாமலேயே திரைக்குப் போனது. எழுந்துபோய்க் கேட்க வேண்டியவர் ஒன்பதரையோ பத்தரையோ மணி நேரம் பின்தங்கித் தூங்குகிறார். கேட்பது காலையில் முடியாது, எழுதிவைப்பதே முடியும். இதனை மறந்து, இந்திய டீம்கள் டிக்கெட்டுக்குள் கட்டுரை எழுதுகின்றன என்று குறை சொல்வார் கூற்று ஏற்கப்படாது.

கான்பான் பலகையும் இக்குடியே. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்த முறையை மென்பொருளுக்குக் கொண்டுவந்தவருள் டேவிட் ஆண்டர்சன் முதன்மையானவர். ஒரு பத்தியில் ஒரே நேரத்தில் இத்தனை வேலைக்கு மேல் இருக்கலாகாது என்னும் வரம்பே அதன் உயிர். ஜிராவில் வரம்பு மீறினால் பத்தி சிவக்கும், தடுக்காது. சிவந்த பத்திக்குக் கண் பழக ஒரு வாரம் போதும்.

இனிப் பூச்சிக்குடி. பூச்சி என்றது பக். ‘பக்குடி’ எனின் ஓசை இனிதன்று. 1998இல் மொசில்லா திட்டத்தில் வெளிவந்த பக்ஸில்லா இக்குடிக்குப் பாட்டன் முறை. அட்லாசியன் ஆட்கள் பக்ஸில்லாவைத்தான் பயன்படுத்தினர்; அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர், காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிரா. தலை போய் வால் நின்றது ஜிரா. அஜைல் பலகை அதற்குள் வந்தது கிரீன்ஹாப்பர் என்னும் ஒட்டுக்கருவியின் வழி. அட்லாசியன் 2009இல் அதை வாங்கி, 2013இல் பெயரை மாற்றிற்று.

பிறவிக்குணம் இங்குதான் வெளிப்படும். பக் என்பது ஒரு புகார். அதற்குக் கொடுத்தவர் உண்டு, மாட்டியவர் உண்டு, அவசரம் உண்டு, நிலை உண்டு. நாளை செய்யலாம் என்று ஒருவர் ஆசையோடு நினைத்த புதிய வசதியும் இக்கருவிக்குள் நுழைந்ததும் புகாரின் உடையையே உடுத்துகிறது. அதை அசைன் செய்தாக வேண்டும். குளோஸ் செய்தாக வேண்டும். இடையில் யாரோ ஒருவர் மேல் அது நிலுவையில் நின்றாக வேண்டும்.

அசைன் ஆனது, அசைன் ஆகாதது, அசைன் ஆனவர் வேலையை விட்டுப் போனது எனப் பூச்சிக்குடி டிக்கெட் மூவகைப்படும். மூன்றாவதே எண்ணிக்கையிற் பெரிது என்பாரும் உளர். டிக்கெட்டின் கீழ் வரும் ‘எனி அப்டேட்?’ என்பது இடைச்சொல். தனித்து நின்று பொருள் தராது, சார்ந்து நின்று ஏவல், இரக்கம், அச்சம் மூன்றும் தரும். மேனேஜர் எழுதின் ஏவல். டெஸ்டர் எழுதின் இரக்கம். கிளையண்ட் எழுதின் அச்சம்.

ஜிராவைத் திட்டாத டெவலப்பரைக் காண்பது அரிது. ஆனால் திட்டு போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு. நிலைகளையும் அவற்றுக்கிடையே போகும் அம்புகளையும் அலுவலகமே வரைந்துகொள்ள அது இடங்கொடுக்கிறது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களையும் அலுவலகமே சேர்க்கிறது. ஒவ்வொரு ஆடிட்டும் ஒரு கட்டத்தை விட்டுச் செல்லும். யார் கேட்டார்கள் என்று தெரியாததால் நீக்கவும் ஒருவரும் துணியார். ‘இன் புராக்ரஸ்’ஸிலிருந்து ‘டன்’னுக்குப் போக ஏழு படி ஏற வேண்டியிருந்தால், அந்த ஏழு படிக்கும் ஏழு அதிகாரிகள் முன்பே இருந்தார்கள் என்று கொள்க.

கட்டக்குடி பற்றிச் சுருங்கச் சொல்லுதும். 1910களில் ஹென்றி கான்ட் பரப்பிய பட்டைப் படத்தின் மரபு. 1984இல் வந்த மைக்ரோசாப்ட் புராஜெக்ட் இதன் வாரிசு. இதற்கு வேலையெல்லாம் தேதி. அஜைல் இதை வெறுத்தது. இப்போது அஜைல் கருவிகளுக்குள்ளேயே ‘டைம்லைன்’ என்ற பெயரில் அதே பட்டைகள் குடியிருக்கின்றன. பட்ஜெட் கொடுப்பவர் கேட்பது தேதி.

சென்னையின் ஸோஹோ செய்யும் ஸ்பிரிண்ட்ஸ், மைக்ரோசாப்டின் அஷூர் டெவாப்ஸ் முதலியன கலப்பு. மேற்கூறியவற்றைக் கொண்டு உய்த்துணர்க.

அளவை கூறுதும். வேலையின் அளவு ஸ்டோரி பாயிண்ட். அதைச் சீட்டாட்டம் போல் முடிவுசெய்யும் பிளானிங் போக்கரை 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் வகுத்தார். மைக் கோன் பரப்பினார். 1, 2, 3, 5, 8, 13 எனச் சீட்டு செல்லும். மணிக்கணக்கு அன்று, ஒப்பீடு மட்டுமே என்பது விதி. மேனேஜர் மனத்துக்குள் ஒரு பாயிண்டுக்கு அரை நாள் என்று பெருக்கிக்கொள்வது வழக்கு. ஸ்னோபேர்டில் இருந்தவருள் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயிண்டைக் கண்டுபிடித்தது தாமாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்கு வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார். அளவையை ஆக்கியவரே வருந்திய இலக்கணம் பிறிதொன்று இருப்பின் அறிந்தோர் கூறுக.

இவ்வளவையை நேர்மையாக நடத்திய கருவி என்று நான் மதிப்பது பிவோட்டல் டிராக்கர். டீம் அண்மையில் முடித்த பாயிண்டைக் கொண்டு வேகத்தைத் தானே கணித்து, வரும் வாரங்களைத் தானே பிரித்து வைக்கும். விரும்பிய வேகத்தை அல்ல, ஓடிய வேகத்தையே அது நம்பிற்று. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் அது மூடப்பட்டது.

கருவியின்றித் திட்டம் உண்டோ என்னும் ஐயத்துக்கு விடை: உண்டு. 2022 ஏப்ரல் 5ஆம் நாள் பழைய செயலி ஒன்றை நீக்க அட்லாசியன் ஓட்டிய ஸ்கிரிப்ட், செயலியின் எண்ணுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் எண்ணே கொடுக்கப்பட்டதால், தளங்களையே அழித்தது. சுமார் 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். சிலருக்குத் தளம் திரும்ப 14 நாள் வரை ஆயிற்று. அதுவரை அவர்தம் திட்டம் கருவியின்றியே நின்றது.

புறனடை: மேற்கூறியவற்றுள் அடங்காதன எல்லாம் எக்ஸெல்லுள் அடங்கும், அடங்கியனவும் வெள்ளிக்கிழமை மாலை எக்ஸெல்லுள் அடங்கும். வாராந்திர ரிப்போர்ட்டுக்காக டிக்கெட்டுகளை ஷீட்டில் இறக்குவதே இது. இறக்கிய ஷீட்டில் ‘ஸ்டேட்டஸ்’ பத்தியை நிரப்புவது எங்ஙனம் எனின், டெவலப்பரின் இருக்கைக்கு நடந்துபோய், “முடிஞ்சுதாப்பா?” என்று கேட்டு நிரப்புக.