பாட்டியின் பிரஸ் ஷாப்

எஸ்லிங்கன், ஜெர்மனி
டிசம்பர்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் மருமகன் இப்போது தமிழில் அழுது, ஜெர்மனில் அடம்பிடிக்கிறான். ஒரகடத்தில் மழை விட்டதா, வல்லம் ரோட்டில் தண்ணீர் வடிந்ததா என்று எழுது. இங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஜெனரல் ஷிஃப்ட் போகிறவன் சூரியனைப் பார்க்க லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

"சனி ஞாயிறு ஊர் சுத்துறியா?" என்று போனில் கேட்டாயே, எங்கே சுற்றுவது! ஓவர்டைம் பார்க்கிறேன். அதுவும் காசில்லாத ஓவர்டைம், கீழ்வீட்டில், எங்கள் வீட்டுக்காரப் பாட்டி நடத்தும் பிரஸ் ஷாப்பில்.

கிறிஸ்துமசுக்கு நாலு ஞாயிறு இருக்கும்போதே இந்த ஷ்வாபியச் சீமையில் வீட்டுக்கு வீடு பிஸ்கட் சுட ஆரம்பித்துவிடுவார்கள். 'கூட்ஸ்லே' என்பார்கள். அதில் ஒரு ரகம், மாவைத் தேய்த்துத் தகர அச்சால் நட்சத்திரம், பிறை, மான் என்று வெட்டி எடுப்பது. தகட்டைப் போடு, பஞ்சை இறக்கு, பீஸை எடு. நாம் பத்து வருஷம் செய்த பிளாங்கிங்கேதான். இங்கே தகடு தின்னக்கூடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெட்டீரியல் விஷயத்தில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. மைதாவுக்கு 405 என்று கிரேடு. 100 கிராம் மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் வைத்த நம்பர். இதற்கும் டின் (DIN) என்ற ஜெர்மன் ஸ்டாண்டர்டு இருக்கிறது, டின் 10355. டிராயிங்கில் பார்த்துச் சலித்த அந்த டின்னேதான், மாவு டப்பாவரை வந்து நிற்கிறது. கலவை சுலபம்: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. பிசைந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெண்ணெய் இறுகாவிட்டால் அடுப்பில் மான் பரவி எருமையாகிவிடும்.

மூணு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும் என்றார் பாட்டி. நான் மாடிக்கு ஓடி வெர்னியரை எடுத்து வந்து நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தேன், எங்கும் அதே மூணு. வயது எண்பதுக்கு மேல், கண்ணில் ஆபரேஷன் செய்தவர், வெறும் கட்டையால் தேய்த்தது. நம் லைனில் இப்படி ஒரு ஆபரேட்டர் இருந்தால் குவாலிட்டிக்காரனுக்கு வேலையே இருக்காது.

லேஅவுட்டில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. நட்சத்திரத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் நடுவில் மிச்சம் விழும். வட்டத்தையே எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 100-க்கு 91-ஐத் தாண்டாது. நம் ஊரில் மிச்சத்தைத் தொட்டியில் தள்ளினால் ஸ்கிராப்காரர் எடைபோட்டு அள்ளிக்கொண்டு போவார். பாட்டி அதைத் திரட்டித் திரும்பத் தேய்க்கிறார். அட, ஸ்கிராப்பே இல்லாத பிரஸ் ஷாப் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் ஒட்டாமலிருக்கத் தூவும் மாவு உள்ளே ஏறுகிறது, பிசைவு கூடி மாவு ரப்பராகிறது. அச்சை எடுத்ததும் பீஸ் சுருங்குகிறது, அடுப்பில் விறைக்கிறது. அதனால் பாட்டி தரம் பிரித்து வைத்திருக்கிறார். முதல் உருட்டல் விருந்தாளிக்கு. இரண்டாவது குடும்பத்துக்கு. மூன்றாவது குடித்தனக்காரனுக்கு. என் கடைவாய்ப்பல்லைப் பற்றி உன் தங்கச்சியிடம் கேட்டுக்கொள்.

தீபாவளிக்கு அவள் டைமண்ட் பிஸ்கட் போட்டபோது பாட்டி பக்கத்தில் நின்று பார்த்தார். நேராகப் பத்துக் கோடு, குறுக்கே சாய்த்துப் பத்துக் கோடு, ஓரத்தைத் தவிர ஒரு துணுக்கு வீணில்லை. பைசாவுக்குக் கணக்குப் பார்க்கும் ஷ்வாபியக் கிழவிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

இன்னொரு ரகம், ஷ்ப்ரிங்கர்லே. இது வெட்டுவதில்லை, எம்பாசிங். பேரிக்காய் மரத்தில் குடைந்த அச்சை அழுத்திப் பூவும் குதிரையும் பதித்து, ராத்திரி முழுக்கக் காயவிடுவார்கள். மேல்தோல் காய்ந்துவிடுவதால் அடுப்பில் மேலே உப்ப வழியில்லாமல் அடிப்பக்கம் மட்டும் எழும்பி நிற்கும். அதற்குப் 'பாதம்' என்று பெயர். பாதம் இல்லாத பீஸ் ரிஜெக்ஷன், பேச்சே கிடையாது. உப்புவதற்கு அந்தக் காலத்தில் மான் கொம்பிலிருந்து எடுத்த ஒரு உப்பைப் பாட்டி போடுகிறார். சூடேறியதும் அமோனியா வாடை குப்பென்று வந்தது பார், நான் எமர்ஜென்சி எக்சிட் எங்கே என்று தேடினேன். பாட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு, அசையாமல் சோம்பு தூவிக்கொண்டிருந்தார்.

சுட்டதைத் தின்னலாமா என்றால், குடித்தனக்காரன் பங்கைத் தவிர எதையும் கூடாது. 24-ஆம் தேதி சாயந்திரம்வரை தகர டப்பாவில் போட்டு அலமாரியில் பூட்டு. சாமிக்குப் படைக்காமல் முறுக்கில் கை வைத்தால் உங்கள் அம்மா கரண்டியைத் தூக்குவாரே, அந்தக் கண்டிப்பு.

பெயின்ட் ஷாப் உன் தங்கச்சி கையில். பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைக்க வேண்டும். ஓரத்துக்குக் கெட்டியாக, உள்ளே நிரப்பத் தளர்வாக. கரண்டியால் கோடு இழுத்தால் பத்து எண்ணுவதற்குள் மறைய வேண்டும். சீக்கிரம் மறைந்தால் ஓரம் தாண்டி ஒழுகும், மறையாவிட்டால் மேடு தட்டும். மார்கழி பிறக்கப்போகிறது, வாசலில் கோலம் போட முடியவில்லையே என்ற ஏக்கம் அவளுக்கு. மாடிப்படியில் போடலாம் என்றால், இங்கே வாராவாரம் முறைவைத்துப் படி கூட்டும் கட்டுப்பாடு. மாவுப் பொடி சிந்தினால் மொத்தக் கட்டடமும் கூடிவிடும். அதனால் நட்சத்திரத்தின் மேல், பேப்பர்க் கூம்பில் ஐசிங்கை நிரப்பி, ஐந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் சுற்றினாள். கை ஆடவில்லை, இழை எங்கும் அறவில்லை. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டாமல் விட்டாலே பாராட்டு என்பது ஷ்வாபியர் வழக்கம், நம் பழைய ஷிஃப்ட் இன்சார்ஜ் மாதிரி. ஆனால் அந்த நட்சத்திரம் முதல் உருட்டல் டப்பாவுக்குப் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாட்டியின் மகன் டெய்ம்லரில் இருந்தவர். 2012-ல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் ஆலை திறந்த சமயம் நம் ஊருக்கு வந்திருக்கிறார். ஆலையைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், ஷேர் ஆட்டோவைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாராம், எண்ணி முடிப்பதற்குள் ரெண்டு பேர் ஏறிவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து பாட்டிக்கு ஷேர் ஆட்டோ பிஸ்கட் வேண்டும். ஸ்டுட்கார்ட் கிறிஸ்துமஸ் சந்தை 1692-லேயே ஏட்டில் ஏறியது. அங்கே யானை அச்சுகூட இருக்கிறது, ஷேர் ஆட்டோ இல்லை.

ஆகவே நீ எனக்கு ஒரு அச்சு செய்து அனுப்பு. அரை மில்லி ஸ்டெயின்லெஸ் பட்டை, உயரம் 20, ஆட்டோ நீளம் 80. வெல்டு மூட்டு வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே வந்தால் மாவு ஒட்டும். வெட்டும் ஓரத்தில் பர் இருக்கக்கூடாது. கண்ணாடி, கம்பி என்று மெல்லிசாக எதுவும் நீட்டாதே, முதலில் கருகுவது அதுதான். தொங்குகிற ஆட்களை உன் தங்கச்சி ஐசிங்கில் வரைந்துகொள்வாள். கூடவே ஸ்ரீபெரும்புதூர்ப் பாத்திரக் கடையில் பித்தளைச் சோமாசிக் கரண்டி ஒன்று, பல்சக்கரம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்து வாங்கு. பாட்டிக்கு ஸ்கிராப்பே விழாத அந்த டைமண்ட் பிஸ்கட் கனவிலும் வருகிறதாம்.

பட்டையைக் கம்பெனியிலிருந்து எடுத்தால் கேட் பாஸ் போட்டு எடு. செக்யூரிட்டி பிடித்தால், ஜெர்மன் கஸ்டமர், அர்ஜென்ட் சாம்பிள் என்று சொல். பொய்யில்லையே.

அன்புடன்,
உன் மச்சான்