ஒரு பர்ஸ் தைப்பது எப்படி (பர்சில் பணம் உள்ளவரை)

முதலில் ஒரு காரணம் வேண்டும். “கம்ப்யூட்டரையே பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு, கையால ஏதாவது செய்யணும்” என்பது இன்றைக்கு எல்லா அலுவலகங்களிலும் செல்லுபடியாகிறது. அதைச் சொல்லிவிட்டு, அதே கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து இரவு இரண்டு மணிவரை தோல் வேலை வீடியோக்களைப் பாருங்கள். ஜப்பானியர் ஒருவர் வாயே திறக்காமல் தைத்துக்கொண்டிருப்பார். பின்னணியில் மழைச் சத்தம். அரை மணி நேரத்தில் பர்ஸ் தயார். அந்தக் கத்தியைத் தீட்டப் பழகவே அவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்ற பகுதியை எடிட்டிங்கில் எடுத்திருப்பார்கள். நீங்களும் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அடுத்து கருவிகள். தோலைத் தொடும் முன்பே இவற்றை வாங்கி முடித்துவிட வேண்டும். ஒரு பர்சுக்கு உண்மையில் வேண்டியவை கூரான கத்தி, எஃகு ஸ்கேல், வரிசையாகத் துளை போட ஒரு பல் உளி, கொட்டாப்புளி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு நூல், பசை. இவ்வளவையும் ஒரு ஷூ பெட்டியில் போட்டு மூடிவிடலாம். ஆனால் நீங்கள் வாங்கப்போவது ஐம்பது சொச்சம் உருப்படிகள் கொண்ட செட். அதில் ரோஜாப்பூ, ஓக் இலை, குதிரைத் தலை எல்லாம் அச்சுகளாக இருக்கும். கத்தி மட்டும் வெண்ணெயைக்கூட வெட்டாது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை டெக்சாஸில் எப்போதோ பிடித்துவிட்டார்கள். ஃபோர்ட் வொர்த் நகரில் 1919ல் செருப்புப் பட்டறைகளுக்குச் சாமான் விற்க ஆரம்பித்த டாண்டி நிறுவனம், பிற்பாடு வீட்டில் பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்பவர்களுக்குக் கருவிகள் விற்று வளர்ந்தது. 1963ல் ரேடியோஷாக் என்ற மின்னணுச் சாமான் கடைகளையே வாங்கும் அளவுக்குக் கையில் காசு. தொழிலாளி ஒரு கத்தியைத் தேயத் தேய வைத்திருப்பார். பொழுதுபோக்காளர் தேய்வதற்குள் அடுத்ததை வாங்குவார். யாரை நம்பிக் கடை போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, தோல். சென்னைக்காரர்களுக்கு பெரியமேடு இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் தோலைச் சுருட்டிச் சுருட்டிக் கூரைவரை அடுக்கியிருப்பார்கள். உள்ளே போனதும் ஒன்றை எடுத்து மோந்து பாருங்கள், மடக்கிப் பாருங்கள், “ஃபுல் கிரெயின்தானே?” என்று கேளுங்கள்.

“என்ன ஐட்டம் பண்றீங்க சார்?”

“பர்ஸ்.”

“எத்தனை பீஸ்?”

“ஒண்ணு.”

கடைக்காரர் அதற்குப் பிறகு உங்களைப் பார்க்க மாட்டார். உள்ளே இருக்கும் பையனிடம், “அந்தக் கட்பீஸ் மூட்டையைக் காட்டுடா” என்பார். முகம் சுருங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது அதுதான். கை பழகும்வரை துண்டுத் தோலைக் கிலோக் கணக்கில் வாங்கி வெட்டித் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம். கேட்க மாட்டீர்கள். முழுத் தோல்தான் வாங்குவீர்கள்.

தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கு. மாடு ஒருநாளும் சதுரமாகப் பிறந்ததில்லை என்பது வீட்டுக்கு வந்து விரித்துப் பார்க்கும்போது தெரியும். கால், கழுத்து, வயிறு எல்லாமே அளவில் சேர்த்தி. முதுகும் பின்புறமும் கெட்டி. வயிற்றுப் பகுதி இழுத்தால் இழுத்த பக்கம் வரும். பின்பக்கம் ஒரு எண்ணும், அதற்கு மேலே பொடியாக இன்னொரு எண்ணும் எழுதியிருக்கும். மேலே உள்ளது கால் அடிக் கணக்கு. கனமும் பார்க்க வேண்டும். பெல்ட்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் வேண்டும். அதே கனத்தில் பர்ஸ் தைத்தால் சட்டைப்பையில் செங்கல் வைத்த கனம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கிண்டல் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். குரோம் உப்பில் பதனிட்ட தோல் ஒன்று, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஒன்று. முதலாவது ஓரிரு நாள் வேலை, மெத்தென்று இருக்கும், கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான். இரண்டாவது வாரக்கணக்கில் ஊற வேண்டும், விறைப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் சட்டென்று கறுக்கும். கடையில் அதைச் செய்து பார்க்கலாம், கேட்டுவிட்டு. ஓரம் தேய்த்து மெருகேற்றுவது, ஈரத்தில் அச்சுப் பதிப்பது எல்லாம் பட்டைத் தோலில்தான் நடக்கும். குரோம் தோலின் ஓரத்தை நீங்கள் தீபாவளிவரை தேய்த்தாலும் பஞ்சுதான் வரும். இத்தாலியிலிருந்து தருவிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் பதனிட்டு, ஈ.ஐ. லெதர் என்ற பெயரில் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பலேறிய சரக்கு இது. அடையாற்றில் 1948லிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இருந்தாலும் இத்தாலி என்றால்தான் இன்ஸ்டாகிராமில் லைக் விழுகிறது.

அதே இன்ஸ்டாகிராமில் “இயற்கையோடு இணைந்த கலை” என்று எழுதத் துடிப்பவர்கள், வாணியம்பாடிப் பக்கம் போய்ப் பாலாற்றை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எழுதவும். தோல் கழிவுநீர் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொல்லியும் அந்த ஆறு தேறவில்லை.

வீட்டு எதிர்ப்பைச் சமாளிப்பது தனிக் கலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் குடும்பத்தில், சாப்பாட்டு மேசைமேல் பாதி மாட்டை விரிக்கிறீர்கள். “என்னடா கண்றாவி இது, சோறு திங்கற எடத்துல!” என்று அம்மா கேட்பது நியாயமான கேள்விதான். “வெளியூர்ல இதையே லட்ச ரூபாய்க்கு விக்கிறாங்கம்மா” என்று சொல்லிப் பாருங்கள். “அப்ப வித்துட்டு வா, அதுக்கப்பறம் பேசலாம்” என்பார். மொட்டை மாடிக்குப் போய்விடுவது உத்தமம். கொட்டாப்புளிச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வரும்வரை அங்கே நிம்மதி.

வெட்டுவது, ஒட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கத்தி கூராக இருந்தால் கை பிழைக்கும். மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலில் ஏறும். சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து அமுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தோலை விட்டுவிட்டு விரலை ஒட்டிக்கொள்வார்கள்.

தையலுக்குத்தான் பொறுமை நிறைய வேண்டும். தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு பங்கு நூல் எடுத்து, இரு முனையிலும் ஊசி கோர்த்துக்கொள்ளுங்கள். மரக் கவ்வியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, அதில் தோலைப் பிடித்து நிறுத்துங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து கடந்து போகும். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடக் கூடாது. குத்தினால் நூல் அங்கேயே சிக்கி, முன்னும் போகாது பின்னும் வராது. எந்தக் கை முதலில், எந்த நூல் மேலே என்ற வரிசை கடைசிவரை மாறவும் கூடாது. மாறினால் தையல் ஒரு பக்கம் சாய்ந்தும் ஒரு பக்கம் நேராகவும் பல்லிளிக்கும். சரியாக வந்துவிட்டால், நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். மெஷின் தையல் அப்படியில்லை, ஒரு நுனி விட்டால் உருவிக்கொண்டே போகும். இதை அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லுங்கள். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைப் படித்துக் கற்க விரும்புகிறவர்களுக்கு அல் ஸ்டோல்மன் 1977லேயே படம் படமாக வரைந்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். பார்த்துக் கற்க விரும்புகிறவர்கள் தெருமுனை மரத்தடிக்குப் போகலாம். அங்கே குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் கொக்கி வைத்த குத்தூசியை மேலிருந்து இறக்குவார். அடியில் இடது கை நூலைக் கொக்கியில் மாட்டும். ஊசி அதைக் கண்ணியாக மேலே இழுத்து வரும். மறுமுனையை அந்தக் கண்ணிக்குள் விட்டு ஒரே இழுப்பு. அளவுகோல் இல்லை, கோடு இல்லை, பின்னணியில் மழைச் சத்தமும் இல்லை. அதே தோல், அதே நூல். உங்கள் கையில் இருந்தால் நீங்கள் ‘ஆர்ட்டிசன்’, முகப்புப் படத்தில் ஏப்ரன் கட்டி நிற்கலாம். அவர் கையில் இருந்தால், அவர் மகனுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க நூறு யோசனை. இதைக் கற்பதற்கு எந்த வீடியோவும் வேண்டியதில்லை, ஊரே ஏற்கெனவே கற்றுவைத்திருக்கிறது.

பர்ஸ் முடிந்ததும் கணக்குப் போடாதீர்கள். கருவி, தோல், பாழான தோல், பிளாஸ்திரி எல்லாம் சேர்த்தால் உள்ளே வைக்கக் காசு மிஞ்சாது. அடுத்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சாவிக்கொத்து கொடுங்கள். பிறகு துணிந்து ஒரு தோள்பை. அதன் வார், பையோடு சேரும் இடத்தில், லேப்டாப் கனம் தாங்காமல் ஒருநாள் பஸ்ஸில் பிய்யும். இறங்கி நேரே மரத்தடிக்குப் போங்கள். அவர் உள்பக்கம் ஒரு துண்டுத் தோலை வைத்து, ஐந்து நிமிஷத்தில் தைத்துக் கொடுப்பார். ஐம்பது கேட்டால் முப்பதுக்குத் தரச் சொல்லும் வழக்கத்தை அன்றைக்காவது விட்டுவிட்டுக் கேட்டதைக் கொடுங்கள். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதை யாரு சார் தைச்சது?” என்பார்.

ஆன்லைனில் வாங்கியது என்று சொல்லிவிடுங்கள்.