இதர: ரூ. 500

அப்பா போட்டுக் கொடுத்த பட்ஜெட் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாற்பது பக்க நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம் என்று எழுதியது. மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்தவர். கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்காது. வாடகை 12,000. அட்வான்ஸ் மூன்று மாதம், 36,000. வண்டிக்கூலி 1,000. பால் காய்ச்ச 100. கடைசி வரியில், மற்றதைவிடக் கொஞ்சம் சின்ன எழுத்தில், ‘இதர – 500’.

கையில் 1,20,000 இருந்தது. பாதி என் சேமிப்பு, பாதி அம்மா எடுத்துக் கொடுத்த சீட்டுப் பணம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான்கு வருஷம் மூட்டைப்பூச்சிகளோடு பாகம் பிரித்து வாழ்ந்தாயிற்று, இனி நமக்கென்று ஒரு வீடு, அதுவும் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கமாகக் கோடம்பாக்கத்தில் என்று முடிவு செய்தேன். என் வேலை ஃபோலி. திரையில் கதாநாயகன் நடந்தால் அந்தக் காலடிச் சத்தம் பெரும்பாலும் அவனுடையது இல்லை. ஓர் இருட்டறையில் அவன் செருப்பைப் போன்ற செருப்பைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி என்னைப் போன்ற ஒருவன் நடக்கிற சத்தம் அது. ஹாலிவுட்டில் பேசும் படம் வந்த காலத்தில் ஜாக் ஃபோலி என்பவர் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார், அவர் பெயரே வேலைக்கும் நின்றுவிட்டது. குதிரை ஓடினால் இரண்டு கொட்டாங்கச்சி. ஆற்காடு நவாபின் குதிரைத் தோட்டம் இருந்ததால்தான் ‘கோடா பாக்’ என்று இந்த ஊருக்கே பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த வகையில் ஊரின் பாரம்பரியத்தைக் கொட்டாங்கச்சியில் காப்பாற்றி வருபவன் நான்.

ஊருக்கு அது தெரியவில்லை. டிரஸ்ட்புரத்தில் ஒரு கேட்டில் ‘டு-லெட், குடும்பத்துக்கு மட்டும்’. ரங்கராஜபுரத்தில் ‘பேச்சிலர் வேண்டாம்’. யுனைடெட் இந்தியா காலனிப் பக்கம் ஒரு வீட்டில் போர்டு இல்லை, பால்கனியில் ஓர் அம்மா மட்டும் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். பேச்சிலர் என்பது முகத்தில் தெரியும் போலிருக்கிறது. அதைச் சமாளித்து உள்ளே போனால் அடுத்த கேள்வி: “என்ன வேலை பார்க்கறீங்க?” சினிமா என்ற சொல் வாயிலிருந்து முழுசாக வருவதற்குள் வீடு காலியில்லாமல் போய்விடும். இது கோடம்பாக்கம்! தமிழ் சினிமாவுக்கே கோலிவுட் என்று தன் முதலெழுத்தைக் கடன் கொடுத்த ஊர். ஏவி.எம். ஸ்டூடியோ 1948-ல் காரைக்குடியிலிருந்து இங்கே குடிபெயர்ந்தபோது, “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்று யாரும் வாசலில் மறித்ததாகத் தெரியவில்லை.

புரோக்கர் அண்ணன் எனக்கு ஏழு வீடு காட்டினார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டுகிற வீட்டை “பிரைவசி” என்றார். ரயில்வே லைனை ஒட்டிய வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே தாம்பரம் வண்டி ஒன்று எங்கள் நடுவில் போனது போலிருந்தது. அது போய் முடியும்வரை வாயை மூடிக் காத்திருந்துவிட்டு, “ஸ்டேஷன் நடக்கற தூரம் தம்பி” என்றார். ஆற்காடு சாலை முழுக்கத் தகரத் தடுப்பு நின்ற நேரம். எந்த வீட்டுக்குப் போனாலும், “மெட்ரோ வருது, பார்த்துக்குங்க” என்று ஓர் ஆயிரத்தைச் சேர்த்தார்கள். வண்டி வருவதற்கு முன்னாலேயே டிக்கெட் கிழித்துவிட்டார்கள்.

எட்டாவது வீடு பிடித்துவிட்டது. பவர் ஹவுஸ் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு சந்தில், மொசைக் தரை போட்ட பழைய மாடி. ஓர் அறை, ஒரு கூடம், ஒரு கொய்யா மரத்தின் உச்சி. கீழே ஓனர் சார், ஆன்ட்டி. சார் மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். வாடகை 12,000 என்றார். என்ன வேலை என்றும் கேட்டார்.

“சவுண்டு சார். கம்ப்யூட்டர்ல…”

“சாப்ட்வேரா?”

யோசித்துப் பார்த்தால் பொய்யில்லை. நடந்த சத்தத்தை எல்லாம் கடைசியில் ஒரு சாப்ட்வேரில்தானே போட்டு வெட்டுகிறோம்? “சாப்ட்வேர்லதான் சார்” என்றேன்.

சாரின் முகம் மலர்ந்தது. ஆன்ட்டி காபி கொண்டுவரப் போனார். காபி வருவதற்குள் வாடகை 14,000 ஆகியிருந்தது. “போன வருஷமே ஏத்தியிருக்கணும். மெட்ரோ வேற வருது.” சினிமாக்காரனுக்கு இல்லாத வீடு, சாப்ட்வேர்காரனுக்கு இரண்டாயிரம் கூடுதலாக இருந்தது. காபி நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அட்வான்ஸ் பத்து மாதம் என்றார். 1,40,000. அப்பாவை வரவழைத்தேன்.

அப்பா சும்மா வரவில்லை. சட்டத்தோடு வந்தார். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் புதிதாக இயற்றிய ஒன்று 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதன் பதினோராவது பிரிவு சொல்கிறது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்கப் படித்தார். சார் கொஞ்சம் ஆடிப்போனது எனக்கே தெரிந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் தணிக்கைக்குக் கணக்குக் காட்டிய மனிதருக்கு ஒரு பிரிவைப் பாதியில் விட மனசு வருமா? “ஆனா ஒண்ணு சார், நேர்மையா சொல்லணும். ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் பண்ணிக்கிட்டா இது பொருந்தாதுன்னு ஆரம்பத்துலயே போட்டிருக்கான்.”

“அப்படியா! அப்ப நாம வேற மாதிரி ஒப்பந்தம் பண்ணிக்கலாமே” என்றார் சார், மிகுந்த மரியாதையுடன்.

ஆறு மாதத்தில் முடிந்தது. 84,000. பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழியில் அப்பா புலம்பினார். “உர மூட்டை வாங்க ஐயாயிரம் கடன் கேட்டா, ரெண்டு ஜாமீன் கேட்போம்டா. நீ அந்த மனுஷனுக்கு எண்பத்து நாலாயிரம் வட்டியில்லாம கொடுக்கறே. அவர்தான் உங்கிட்ட ஆதார் ஜெராக்ஸ் கேட்கறார்.” காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற மனுஷன், நிம்மதியாகப் போகட்டும். எட்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகையே வேண்டாம் என்றும் சார் ஒரு யோசனை சொல்லியிருந்தார். நம் ஊரில் ஒத்தி என்கிற அதே ஏற்பாடு. கொரியாவில்கூட ஜொன்சே என்ற பெயரில் இது உண்டு. எட்டு லட்சம் இருந்தால் நான் ஏன் மாடியில் இருக்கப் போகிறேன் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

ஒப்பந்தம் பதினோரு மாதம். ஏன் பதினொன்று என்று கேட்டதற்கு, சார், புரோக்கர், டைப் அடித்துக் கொடுத்தவர் மூவரும் “அதான் வழக்கம்” என்றார்கள். அப்பாவுக்குத்தான் காரணம் தெரிந்திருந்தது. ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதிலிருந்து தப்பிக்க ஒரு மாதத்தைக் கிள்ளி எடுத்தார்கள். புதுச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆகவே கிள்ளுவதில் அர்த்தமில்லை என்றும் அப்பா விளக்கினார். டைப் அடித்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதினொன்று என்றே அடித்தார்.

இதற்குள் ஆனி முடிய நான்கே நாள். ஆடியில் குடி போகக்கூடாது என்றாள் அம்மா. ஒரு மாதம் பூட்டி வைத்தாலும் வாடகை வாடகைதான் என்றார் சார். ஆக, ஆனியின் கடைசி நல்ல நாளில், சென்னையில் வீடு மாற்றும் அத்தனை பேரோடும் நானும் மாறினேன். குட்டி யானைக்கு அன்று பட்டத்து யானை மவுசு. ஆயிரத்துக்கு வருகிற வண்டி இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டது. மேன்ஷன் வாசலில் என் சாமானைப் பார்த்த டிரைவர் திகைத்துப்போனார். ஒரு பாய், ஒரு சூட்கேஸ், மூன்று கோணிப் பையில் இருபத்திரண்டு ஜோடி செருப்பும் ஷூவும். “கடை வைக்கப் போறீங்களா சார்?” என்றார். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது, பாலம் வருவதற்கு முன்னால் இங்கே ரயில்வே கேட் இருந்ததையும், கேட் மூடினால் நிற்கிற கார்களில் நட்சத்திரங்களைப் பார்க்கக் கூட்டம் காத்துக் கிடந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்பா நின்றாராம். பாலம் கட்டி எல்லாரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள் என்பதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

அன்று கணக்கு இப்படி நின்றது: அட்வான்ஸ் 84,000, முதல் மாத வாடகை 14,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 14,000, மெயின்டெனன்ஸ் 1,000. கூட்டினால் 1,13,000. வண்டிக்கும் கொடுத்த பிறகு கையில் 4,500. அப்பாவின் ‘இதர’ ஐந்நூறைப் போல ஒன்பது மடங்கு. தைரியமாகத்தான் இருந்தேன்.

பகலில் பார்த்த வீட்டை ராத்திரியில் பார்த்தேன். பார்த்தேன் என்பது தவறு, பல்பு இல்லை. ஃபேனும் இல்லை, கொக்கி இருந்தது. வீடு காட்டும்போது புரோக்கர் சொன்னதெல்லாம் அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது. “ஏசி பாயிண்ட் இருக்கு, கீசர் பாயிண்ட் இருக்கு, வாஷிங் மெஷின் பாயிண்ட் இருக்கு.” ஒரு வார்த்தை பொய்யில்லை. வீடு முழுக்கப் பாயிண்ட்தான் இருந்தது.

மறுநாள் காலை பால் காய்ச்ச வேண்டும். கேஸ் இணைப்புக்கு சிலிண்டர் டெபாசிட் 2,200, ரெகுலேட்டருக்கு 250, அதற்கு மேல் கேஸ் விலை, ரப்பர் குழாய், நீல நிறத்தில் ஒரு புத்தகம். ஒரு வாரம் ஆகும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் என்று ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். அம்மா வீடியோ காலில் மேற்பார்வை. “பொங்கி வழியணும்டா, அப்பத்தான் குடும்பம் தழைக்கும்.” பால் பொங்கியது. வழிந்தது. வழிந்த பால் நேராக அடுப்பின் பட்டன் பலகைக்குள் இறங்கியது. அடுப்பு மூன்று முறை கூவிவிட்டு அடங்கியது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. “எந்தப் பக்கமா வழிஞ்சுது?” என்றாள் அம்மா. கிழக்குப் பக்கம்தான். அம்மாவுக்குப் பரம திருப்தி.

அந்த மாதம் நான் ‘இதர’ என்ற சொல்லின் முழு விஸ்தீரணத்தையும் கண்டேன். துடைப்பம் இதர. வீட்டுத் துடைப்பம் வேறு, பாத்ரூம் துடைப்பம் வேறு, இரண்டும் இதர. திரைச்சீலை இதர, அதை மாட்டும் கம்பி இதர, கம்பிக்குச் சுவரில் துளை போட வந்தவர் இதர, தப்பான இடத்தில் போட்ட துளையை அடைத்த வெள்ளை சிமெண்ட் இதர. கேன் தண்ணீருக்குக் கேன் டெபாசிட். போர் தண்ணீர் குறைந்தபோது லாரித் தண்ணீரில் என் பங்கு. அதைக் கேட்க வந்த சார், “2019-ல் ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்த ஊரு தம்பி” என்று சரித்திரத்தோடு வாங்கிக்கொண்டு போனார்.

கரண்ட் பில் தனிக் கதை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-லிருந்து. ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு செத்த அடுப்பு. நமக்கு பில்லே வராது என்று பட்ஜெட்டில் சைபர் போட்டிருந்தேன். ஆனால் வீட்டுக்கு இருப்பது ஒரே மின் இணைப்பு, மாடிக்கு சார் வைத்திருப்பது சப்-மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், முதல் யூனிட்டிலிருந்தே. 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் அட்டவணையே மாறிவிடும், என்னால்தான் தாண்டுகிறது என்பது அவர் வாதம். அரசாங்கம் கொடுத்த 100 யூனிட் அவருடைய படுக்கையறை ஏசியில் குளிர்ந்துகொண்டிருந்தது. நான் மொசைக் தரையில் படுத்துக்கொண்டு, மேலிருந்து அதை உணர முயற்சி செய்தேன்.

மூன்றாம் வாரம் ஆன்ட்டி மாடிக்கு வந்தார். துணி உலர்த்த வந்தவர் கண்ணில், வாசல் ஓரம் நான் வெயிலில் வைத்திருந்த சிவப்பு ஹை ஹீல்ஸ் பட்டுவிட்டது. ஒரு கதாநாயகி படிக்கட்டில் இறங்கிவரும் காட்சிக்காகப் பாண்டி பஜார் நடைபாதையில் வாங்கியது. என் அளவுக்கே கிடைத்தது ஆச்சரியம்.

“ராத்திரி மேல டொக் டொக்னு நடக்கற சத்தம் கேக்குதுன்னு இவர்கிட்ட சொன்னேன். இவர் நம்பல” என்றார் ஆன்ட்டி. குரலில் கோபத்தைவிடத் துக்கம் அதிகம். “யாருப்பா அது?”

எனக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. பெண் ஒருத்தி ராத்திரி வந்து போகிறாள் என்று ஆகலாம். அல்லது சினிமாக்காரன் என்று ஆகலாம். இரண்டில் எதற்கு அட்வான்ஸில் அதிகம் பிடிப்பார்கள் என்று ஒரு கணம் கணக்குப் போட்டேன். பிறகு ஹீல்ஸை மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மொசைக்கில் பத்து அடி நடந்து காட்டினேன்.

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுக் கீழே ஓடினார். ஐந்து நிமிஷத்தில் சார் மேலே வந்தார். என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “சினிமான்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி.”

“சொல்லியிருந்தா வீடு கொடுத்திருப்பீங்களா சார்?”

“மாட்டேன்” என்றார் உடனே. அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்தப் படத்தில் கதாநாயகி யார் என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை நடந்து காட்டச் சொன்னார். வாடகையை 12,000-க்கு இறக்குவது பற்றி அந்த நல்ல நேரத்தில் பேச்சை எடுத்துப் பார்த்தேன். “மெட்ரோ வருது தம்பி” என்றார்.

மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் அப்பா. அனுப்பினேன். இதர 11,340. கையிருப்பு போக மீதி, உடன் வேலை செய்பவரிடம் கைமாற்று. திட்டு விழும் என்று காத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

“கூட்டல் சரியா இருக்குடா. மத்ததெல்லாம்கூட சரி. பதினேழாவது வரில ‘சிவப்பு ஹீல்ஸ், ஒரு ஜோடி, 650’ன்னு போட்டிருக்கியே.” ஒரு சின்ன மௌனம். “அம்மா பக்கத்துலதான் இருக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். சொல்லு.”