கடலைக் காட்டிட்டு பெஞ்சுமேல நின்ன பையன்

வாத்தியாரே, உக்காருங்க. திண்ணையில தூசி கெடக்கும், துண்டால ஒரு தட்டு தட்டிட்டு உக்காருங்க. நேத்து எட்டாப்புல நடந்த சேதி ஊருக்கே வந்துடுச்சு. "நமக்குப் பக்கத்துல கடல் எங்கடா இருக்கு?"ன்னு கேட்டீங்களாம். ஒரு பய எழுந்து, "எங்க கொல்லையிலதான் சார்"னானாம். நீங்களும் கடமை தவறாம அவனைப் பெஞ்சுமேல ஏத்திட்டீங்க. நல்ல காரியம். உசரத்துல நின்னாத்தானே நாலு தெசையும் தெரியும், அதுவும் புவியியல்தான்.

ஆனா ஒண்ணு. அந்தப் பய கால்சட்டைப் பையைத் துழாவிப் பாத்திருக்கலாம். அதுல ரெண்டு கல்லு இருந்துச்சு. ஒண்ணு சிப்பி, ஒண்ணு சுருண்டு கெடக்குற நத்தை. அவங்கப்பன் வெங்காயத்துக்குப் பாத்தி புடிக்கையில கெளம்பினது. இன்னைக்குக் கடலைப் பாக்கணும்னா இங்கேருந்து கெழக்கால நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் போகணும். சுமார் 10 கோடி வருசத்துக்கு முன்னாடி அந்தச் செரமமே இல்ல, நம்ம கொல்லையே உப்புத்தண்ணிக்கு அடியிலதான் கெடந்துச்சு. பய சொன்னதுல இடம் சரி, வருசத்தைத்தான் சொல்லாம வுட்டுட்டான். அதுக்கு அரை மார்க்கு கொறைச்சா போதாதா?

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதீங்க. காரைங்கிற ஊருப் பக்கத்து ஓடைகளுக்குப் பாறை பாக்க வர்ற காலேஜ் பிள்ளைங்களுக்கு வழி காட்டி, அதுங்க மூட்டையைச் சொமந்தே எனக்கு நரை தட்டிப்போச்சு. சொமக்கிறப்போ காது சும்மாத்தானே இருக்கும். பிளான்ஃபோர்டுன்னு ஒரு வெள்ளைக்கார தொர வந்து சுத்தி, 1862-ல அறிக்கை போட்டு, ஊத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர்னு நம்ம ஊருங்க பேரையே பாறை அடுக்குக்கு வச்சுட்டுப் போனாரு. அந்தக் கடல் காலத்துப் பாறையைப் படிக்கிறவன் எந்தச் சீமையில இருந்தாலும் அரியலூர் பேரைச் சொன்னா நிமிந்து உக்காருவான். நீங்க அரியலூர்னா சிமெண்டுங்கிறீங்க. அதுவும் பொய்யில்ல. சிப்பியும் சங்கும் செத்துச் சேந்த சுண்ணாம்புக்கல்லுதான் அந்தச் சிமெண்டு. உங்க வகுப்புச் சொவத்துலயே கொஞ்சம் கடல் பூசியிருந்தாலும் இருக்கும்.

அதுக்காக வகுப்புல மாட்டியிருக்கிற மேப்பைக் கழட்டிப்புடாதீங்க. அதுக்குப் பின்னாடி குடியிருக்கிற பல்லிக்கு வேற போக்கிடம் ஏது? அமேசான் நீளத்தையும் மனப்பாடம் பண்ணட்டும். நம்ம மருதையாறு கொள்ளிடத்துல போயிச் சேருதுன்னு மட்டும் ஒருத்தனுக்கும் தெரிஞ்சுடக் கூடாது. தெரிஞ்சா, போற வழியில மணலெல்லாம் எங்க போச்சுன்னு கேப்பான். நமக்கெதுக்கு வம்பு.

சரி, மனசு கேக்காம வந்துட்டீங்க, அந்த 10 கோடி வருசத்தைப் பிள்ளைங்களுக்கு எப்படிக் காட்டுறதுன்னு சொல்றேன். எங்க வீட்டுல பழைய கெணத்துக் கயிறு கெடக்கு. 46 மீட்டருக்கு முடி போட்டு நீட்டிக்குங்க. பூமிக்கு வயசு 460 கோடி வருசமாம். அப்ப ஒரு மீட்டருக்கு 10 கோடி வருசம், ஒரு மில்லிமீட்டருக்கு லட்சம் வருசம். ஒரு பயலைக் கயித்தோட அந்த முனையில பூமி பொறந்த எடத்துல நிறுத்துங்க. நீங்க இந்த முனையில, இன்னைக்குத் தேதியில நில்லுங்க. அவன் அங்கேருந்து நடந்து வரட்டும். வருவான், வருவான், வந்துகிட்டே இருப்பான். சாத்தனூர்ல கல்லாக் கெடக்கே கல்மரம், 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன் கண்டது, அதுக்கு 12 கோடி வருசம்ங்கிறாங்க. அது உங்களுக்கு ஒண்ணேகால் மீட்டர்கிட்ட, கை நீட்டினா தோளைத் தொடுற தூரத்துல வந்து நிக்கும். பூவே பூக்காத சாதி மரமாம் அது. தண்ணி இழுத்துட்டு வந்து கடல் சேத்துல பொதைச்சு, மரம் இருந்த எடத்துல சிலிக்கா ஏறிக் கல்லாயிடுச்சு. டைனோசரு அத்துப்போனது 66 சென்டிமீட்டர்ல. மனுசப் பய மொகத்தைக் காட்டினது கடைசி 3 மில்லிமீட்டர்ல. ராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டினது ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு, தலைமசுரை விட மெல்லிசு. இதைக் காட்டி முடிச்சதும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு நம்ம டீக்கடைக்கு வாங்க. எங்க வம்சம் பெருசு, உங்க வம்சம் சிறுசுன்னு அங்க ரெண்டு பேரு எப்பவும் சண்டை போட்டுக்கிட்டு இருப்பாங்க. அந்த வம்சத்தைக் கயித்துல எங்க வைக்கணும்னு பிள்ளைங்களை வுட்டே கேக்கச் சொல்லுங்க. நீங்க கேட்டீங்கன்னா மாத்தல் வாங்கிக் குடுத்துருவாங்க.

சாத்தனூருக்குக் கூட்டிட்டுப் போனா வேலிக்கு வெளியவே நிக்க வைங்க. அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். ஞாபகத்துக்குன்னு ஆளுக்கொரு சில்லு பேத்தா, அடுத்த வருசத்துப் பிள்ளைங்க வேலியைத்தான் பாத்துட்டு வரும்.

அடுத்து உங்க சம உயரக் கோடு. பலகையில வெங்காயத்தை நறுக்கிப்போட்ட மாதிரி வளையம் வளையமா வரையிறீங்க, பிள்ளைங்களும் வெங்காயம்னு நெனைச்சே வரையுதுங்க. ஏரிக்கு வாங்க வாத்தியாரே. தை பொறந்து தண்ணி எறங்க எறங்க கரையோரத்துல தண்ணி நின்ன தடம் வரி வரியா வுழும். ஒவ்வொரு வரியும் ஒரே மட்டம். நீங்க சொல்ற சம உயரக் கோடு அதுதான், ஏரி தானே வரைஞ்சு குடுக்குது, சாக்பீசு செலவில்ல. வாரத்துக்கு ஒருக்கா தண்ணி வெளிம்புல முளைக்குச்சி அடிக்கச் சொல்லுங்க. கரை கட்டியிருக்கிற பக்கம் குச்சியெல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்கும், அங்க சரிவு செங்குத்து. எதுத்தாப்புல வரத்து வாய்க்கால் பக்கம் குச்சிக்குக் குச்சி எருமை படுத்துப் பொரளலாம், அங்க சரிவு சாதுவானது. கோடு நெருங்கினா மேடு செங்குத்துன்னு ஒருக்கா கால்ல நடந்து பாத்தவனுக்கு எந்தக் கேள்வித்தாளும் பயமில்ல.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. கலிங்கு மட்டத்துல மொத குச்சியை அடிச்சு, அதே மட்டத்தைச் சுத்தியும் புடிச்சுக்கிட்டே போனா, நம்ம ஊரு பெரிய மனுசங்க நாலு பேரோட பருத்தியும் சோளமும் ஏரிக்குள்ளாற இருக்குன்னு தெரிஞ்சுபோயிரும். அதுல ஒருத்தரு எஞ் சம்பந்தி. அதனால அந்தக் குச்சியை மட்டும் என்கிட்டச் சொல்லிட்டு அடிங்க. நான் அன்னைக்கு வெளியூரு போயிடுறேன்.

மழையை அளக்க ஒரு பாட்டிலு போதும். கழுத்தை அறுத்து, அறுத்ததைப் புனலாக் கவுத்து, அடியில சிமெண்டு ஊத்தி மட்டம் பண்ணி, பக்கத்துல அளவுகோலை ஒட்டிருங்க. 10 மில்லிமீட்டர் பெய்ஞ்சா ஒரு ஏக்கருக்கு 40 ஆயிரம் லிட்டர் தண்ணி, கணக்கு வாத்தியாரும் அதுல பங்கு கேப்பாரு. நாங்க பாட்டிலை நம்பறதில்ல. ஈரம் எம்மாந்தூரம் எறங்கியிருக்குன்னு மண்ணைக் கிளறிப் பாத்துத்தான் உழவு மழையாச்சான்னு சொல்லுவோம். ரெண்டையும் பிள்ளைங்க சேத்தே செய்யட்டும். ஒரே மழைதான், கரிசல்ல ஒரு ஆழம், செம்மண்ணுல ஒரு ஆழம் எறங்கும். ஏன்னு அதுங்களே கேக்கும். அப்ப ரெண்டு மண்ணையும் தனித்தனி பாட்டில்ல போட்டுத் தண்ணி ஊத்திக் குலுக்கி வையுங்க. மணலு உடனே படியும், வண்டல் அப்புறம், களி மறுநாளும் கலங்கியே நிக்கும்.

எலுமிச்சங்காய் ஒண்ணு இருந்தா சுண்ணாம்புக்கல்லைப் பொடிச்சு அதுமேல புழியுங்க, நொரைக்கும். வேற கல்லுமேல புழிஞ்சா எலுமிச்சங்காய்தான் வீணு.

நெலம் அளந்த கதையும் நம்ம பக்கம் உண்டு. லாம்டன் தொர 1802-ல மெட்ராசுப் பட்டணத்துல ஆரம்பிச்சு முக்கோணம் முக்கோணமா இந்தத் தேசத்தை அளந்தாரு. 1808-ல தஞ்சாவூர் பெரிய கோயிலு கோபுரத்துமேல கோணம் அளக்குற அரை டன் எடைக் கருவியை ஏத்தறப்போ கயிறு அறுந்து கருவி நொறுங்கிச்சு. அவரே உக்காந்து ஒட்டுப்போட்டு மறுபடி அளந்தாரு. உங்க பள்ளிக்கூடத்துப் பாகைமானி பொட்டியோட பீரோவுக்குள்ள பத்திரமா இருக்குதாமே. அறுந்து வுழ வாய்ப்பே இல்ல.

கடைசியா ஒண்ணு, செலவே இல்லாதது. மைதானத்துல குச்சியை நேரா நட்டு, சுத்தி வட்டம் போடுங்க. காலையில நெழலோட நுனி வட்டத்தைத் தொடுற எடத்துல ஒரு கல்லு, சாயங்காலம் தொடுற எடத்துல ஒரு கல்லு. ரெண்டையும் சேத்தா கெழக்கு மேக்கு. கோயில் கட்டுற ஸ்தபதிங்க தெச பாத்தது இப்படித்தான். அதுக்குக் குறுக்கால வடக்கு தெக்குக் கோடு. நெழல் அந்தக் கோட்டுல வந்து படுக்கறப்போ கடியாரத்தைப் பாருங்க, பெரும்பாலும் 12 இருக்காது. இந்தியாவுக்கு மணி வச்சது 82½ பாகைத் தீர்க்கக் கோட்டுல. நாம 79-க்குப் பக்கத்துல இருக்கோம். பாகைக்கு 4 நிமிசம் வீதம் சூரியன் நமக்குக் கால் மணி நேரம் தாமசம். உங்க தலைமையாசிரியரு மாதிரி இல்ல, அது தெனம் ஒரே கணக்கா வராது, வருசத்துல கால் மணி நேரத்துக்குப் பக்கம் வரைக்கும் முன்ன பின்ன ஆகும்.

உச்சிப்பொழுதுல நெழலே இல்லாத நாள் நமக்கு வருசத்துல ரெண்டு தடவ. ஏப்ரல் 19, 20 வாக்குல ஒண்ணு, அப்ப உங்களுக்குப் பரீட்சை. ஆவணியில இன்னொண்ணு, ஆகஸ்ட் 23, 24 வாக்குல. அன்னைக்கு வானம் மூடாம இருந்தா 12 அடிச்சு கால் மணி நேரத்துக்கு அப்புறம் பிள்ளைங்களை வெளிய வுடுங்க. சத்துணவு அம்மாகிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க, சோறு ஆறிப்போனா ஏச்சு உங்களுக்குத்தான்.