கேளுங்க, ஆனால் கேட்காதீங்க

2003-இல் சூரியன் எஃப்.எம். சென்னைக்கு வந்தது. கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க என்றது. தமிழில் காது கொடுப்பதும் கேட்பதுதான், ஏன் என்று வாய் திறப்பதும் கேட்பதுதான். இரண்டாவது கேட்பதை அரசாங்கம் முன்னமே வெட்டி எறிந்திருந்தது நமக்கு உறைக்கவில்லை. நமக்கென்ன, பாட்டு வந்தது. மிர்ச்சி வந்தது, 2006-இல் பிக், ஹலோ என்று வரிசை கட்டின. அகில இந்திய வானொலியின் கஞ்சி போட்ட குரல்களுக்குப் பழகிய காதில் ஒருத்தன் 'மச்சி' என்றதே சுதந்திரம் மாதிரி இருந்தது.

வானலை யாருடையது? மக்கள் சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மக்கள் சொத்து என்றால் அரசு வேறென்ன செய்யும்? ஏலம் போட்டது. முதல் சுற்றில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும். கந்துவட்டிக்காரரே கூச்சப்படுவார். 2005-இல் வருமானத்தில் 4 சதவீதம் போதும் என்று இறங்கி வந்தார்கள். வாடகை குறைந்தது. வாய்ப்பூட்டு?

அது கழலவே இல்லை. தனியார் பண்பலை செய்தி சொல்லக் கூடாது. 2011 விதிகளில் கொஞ்சம் மனமிரங்கினார்கள்: அகில இந்திய வானொலிச் செய்தியை எழுத்து மாறாமல் அப்படியே போடலாம். மின்தடை, குடிநீர், வெள்ளம் பற்றியும் பேசலாம், உள்ளூர் நிர்வாகம் தந்த தகவலாக இருந்தால். ஆக, தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் மாநகராட்சி சொன்னால்தான் அது வெள்ளம். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியை எத்தனை மணிக்கு, யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று ஒரு ஆர்.ஜே. விசாரிக்கப் புறப்பட்டால் அது செய்தி, குற்றம். காதலியிடம் மன்னிப்புக் கேட்கத் துடிக்கும் அண்ணா நகர் நேயருக்கு மழைப் பாட்டு போட்டால் அது பொழுதுபோக்கு, தாராளமாகப் போடலாம்.

தடைக்குக் காரணம் தேசப் பாதுகாப்பாம். உச்ச நீதிமன்றத்திலேயே அப்படி வாதாடினார்கள். நூற்றுக்கணக்கான டி.வி.க்கள் ராத்திரி முழுக்கக் குரைத்தும் கவிழாத தேசம், குழாயில் ஏன் தண்ணி வரல என்று ரேடியோவில் ஒருத்தி கேட்டால் கவிழ்ந்துவிடும்.

முதலாளிகளும் இதற்காக ஒன்றும் தீக்குளிக்கவில்லை. செய்தி என்றால் நிருபர் வேண்டும், நிருபர் என்றால் சம்பளம். தடையே லாபம்! எந்த ஸ்டேஷனுக்குத் திருப்பினாலும் நகைக்கடை, மனை விற்பனை, நடுவில் அதே பாட்டு. பாட்டை மட்டுமே நம்பிக் கடை போட்டவனை, அதே பாட்டை ஓசியில் கொடுக்கும் கைப்பேசி விட்டுவைக்குமா? ஊர்ச்சேதி கையில் இருந்திருந்தால் அதை எந்தச் செயலியாலும் பிடுங்கியிருக்க முடியாது. பிக் எஃப்.எம்.மை நடத்திய நிறுவனம் திவால் வழக்கில் கைமாறியது. கைப்பேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள், பேரிடரில் மக்களுக்குத் தகவல் போக வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு எழுதியது. வாயைத் தைத்தவர்கள் காதைத் தேடி அலைகிறார்கள்.

மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி சொல்ல விடுங்கள் என்று அதே ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை கூடி, 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. பத்து நிமிடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. உங்கள் ஊரும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். பாட்டு வரும், கேளுங்க.