ஒன்றா, ஐந்தா?

கேள்வி: 'ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்' நூலுக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் போடுகிறார், அடுத்தவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார். யாரை நம்புவது? (பொறியியல் மாணவர், சிவகாசி)

பதில்: நட்சத்திரம் எத்தனை தெரியும் என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. வாணவேடிக்கை ஊர்க்காரருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா!

ஏபெல்சனும் சஸ்மனும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் தொடக்கநிலை மாணவர்களுக்காக எழுதி, 1985-ல் வந்த நூல். மொழி, ஸ்கீம். பக்கமெல்லாம் அடைப்புக்குறி. வேலைக்காக ஜாவா தேடி வந்தவர், முதல் அத்தியாயத்திலேயே நியூட்டன் முறையில் வர்க்கமூலம் கண்டுபிடிக்கச் சொன்னதும் ஓட்டம் எடுக்கிறார்: ஒரு நட்சத்திரம். பல்லைக் கடித்து நான்காம் அத்தியாயத்துக்கு வந்தவரோ, ஒரு மொழியை இயக்கும் இன்டர்பிரட்டரையே எழுதிவிடுகிறார். அவர் ஐந்துக்குக் குறைப்பாரா?

எம்.ஐ.டி. பதிப்பகம் இதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மதிப்புரையை விட்டுவிட்டு முதல் அத்தியாயத்தைப் படியுங்கள்.

கேள்வி: புரோகிராமிங் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தால் காசு உண்டா? (அச்சக ஊழியர், விருதுநகர்)

பதில்: கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத்தின் புத்தகம் என்றால் உண்டு. முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பிழைக்கு 2.56 டாலர். 256 சென்ட், பதினாறடிமான எண்முறையில் சரியாக 100!

ஆனால் 2008 முதல் அவர் தருவது கற்பனை வங்கியின் சான்றிதழ்தான்.